கரி பஸ்ஸில் வந்த ஆட்டு ரத்தம்

நான் சென்னைக்குப் போய் ஆனர்ஸ் வரை படித்துக் கற்றுக்கொண்ட தொழில் இலை அரைப்பது என்பது என் அப்பாவின் கணக்கு. அதில் தவறு கிடையாது. அரைத்த இலையிலிருந்து உருப்படியாக எதையும் எடுக்க எனக்குத் தெரியவில்லை என்பதை மட்டும் அவர் வெளியே சொல்லவில்லை.

சென்ற புரட்டாசியில் அவர் போய்விட்டார். சோதனை விவரம் எழுதிப் பழகிய கை என்னுடையது. ஆளைப் பற்றி எழுத வராது. இருந்தாலும் எழுதுகிறேன்.

பெயர் நஞ்சப்பன். ஊர் நல்லம்பள்ளிக்குப் பக்கம். மானாவாரி நிலம்; ராகியும் மொச்சையும் விளையும். முப்பதுகளின் தொடக்கத்தில் மழை ஏமாற்றிய ஒரு வருஷம், தர்மபுரி–சேலம் பஸ்ஸில் கிளீனராகச் சேர்ந்தார். எங்கள் குடும்பத்தில் ஏரை விட்டு இறங்கிய முதல் ஆள். அந்தக் காலத்து பஸ்ஸை முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்றித்தான் கிளப்ப வேண்டும். பாதிச் சுற்றில் கையை எடுத்தால் எஞ்சின் திருப்பி அடிக்கும். ஒருமுறை அடித்தது. ஊர் வைத்தியர் கட்டுப் போட்டதில் மணிக்கட்டு கோணலாகவே கூடிவிட்டது. அன்றிலிருந்து அவருக்கு ஒரு விதி: கைப்பிடி எதுவானாலும், பிடித்த பிறகு நடுவில் விடக் கூடாது. இந்த விதியால் எனக்குக் கிடைத்தவற்றைப் பின்னால் சொல்கிறேன்.

சண்டை வந்ததும் பெட்ரோல் போயிற்று. மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு வந்த சின்ன ரயிலின் தண்டவாளத்தையும் சண்டைக்கென்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். மிஞ்சியது பஸ். அதன் முதுகில் ஆள் உயர இரும்புப் பீப்பாய் ஒன்றைக் கட்டி, அதில் அடுப்புக்கரியை எரித்து, அந்த வாயுவில் எஞ்சினை ஓட்டினார்கள். பீப்பாயைக் கவனிப்பது அப்பா வேலை. காலையில் ஊதுசக்கரத்தைக் கையால் சுற்றிக் கரியைக் கனிய வைப்பார். வாயு வந்துவிட்டதா என்று பார்க்க ஒரு சிறு குழாய் உண்டு. அதில் தீக்குச்சியைக் காட்டி, சுடர் நின்றால் வண்டி ஓடும்.

"பத்திக்கிச்சாண்ணா?" என்று முன்சீட்டிலிருந்து டிரைவர் காளியப்பன் கேட்பார்.

"பத்திக்கிச்சு, எடு!" என்று அப்பா பின்படியில் தொற்றிக்கொள்வார்.

தொப்பூர் மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நிற்கும். ஆட்கள் இறங்கித் தள்ளுவார்கள். அப்பா பீப்பாய் மூடியைத் திறந்து, குத்திக் கிளறி, கரி கொட்டுவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது தலையில் ஈரத்துண்டு கட்டியிருப்பார். தலைவலி. சில நாள் வாந்தியும் வரும். வெயில் என்றார் அப்பா. பித்தம் என்றாள் அம்மா தீர்த்தம்மாள். நான் படித்தது தாவரங்களை.

நாற்பத்திரண்டு சித்திரையில் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று சென்னையைக் காலி செய்தார்கள். கல்லூரி மூடியது. எங்கள் பேராசிரியர் ஆய்வுக்கூடச் சாமான்களை மாணவர்களிடம் பிரித்துக் கொடுத்து ஊருக்கு அனுப்பினார். எனக்கு ஒரு நுண்ணோக்கி, கையால் சுற்றும் சுழற்சிக் கருவி ஒன்று, காற்றை உறிஞ்சும் பம்பு, கண்ணாடிக் குழாய்கள், சில ரசாயனப் புட்டிகள். கூடவே ஒரு வாக்கு: ஊரில் இருந்துகொண்டே அவர் சொன்ன ஒரு சோதனையைச் செய்து காட்டுகிறவனுக்கு உதவியாளர் இடம். ஆடியில் நேரில் வந்து பார்ப்பார்.

இதைக் கேட்டதும் அப்பா சொன்னார்: "உனக்கு அந்த எடம் கெடைச்ச அன்னிக்கே நான் பஸ்ஸ வுட்டு எறங்கிடறேன்டா, மாயவா. இந்தத் தலைவலியோட எத்தினி நாளைக்கு அந்தப் பீப்பாயக் கட்டிக்கிட்டு அழறது."

ஆக அவர் இறங்குவதும் இறங்காததும் என் கையில். அந்தக் கையைப் பற்றி அவருக்கு அப்போது தெரியாது.

சோதனை சொல்வதற்குச் சுலபம். இலையின் பச்சை, சாயம் போலக் கரைந்து கிடப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன மணிகளாக இருக்கிறது. அந்தப் பச்சை மணிகளை உடையாமல் வெளியே எடுத்து, ஓர் இரும்பு உப்போடு வெளிச்சத்தில் வைத்தால், இலையை விட்டு வந்த பிறகும் அவை பிராணவாயு விடுகின்றன என்று சீமையில் காட்டியிருந்தார்கள். பிராணவாயு வந்ததைக் காட்டிக்கொடுப்பது ரத்தம். காற்றை உறிஞ்சிவிட்டால் ரத்தம் கறுக்கும். பிராணவாயு பட்டதும் சிவக்கும். பச்சை மணியும் ரத்தமும் கலந்த இரண்டு குழாய்கள். வெளிச்சத்தில் வைத்தது சிவக்க வேண்டும். இருட்டில் வைத்தது கறுப்பாகவே இருக்க வேண்டும்.

செய்வதுதான் கஷ்டம். விடியலில் பறித்த இளம் மொச்சை இலையை நரம்பு நீக்கி, கழுவிய மணலோடு, குளிர்ந்த சர்க்கரைக் கரைசலில் அரைக்க வேண்டும். வெறும் தண்ணீரில் அரைத்தால் மணிகள் உப்பி வெடித்துவிடும். பிறகு மல் துணியில் வடிகட்டி, முதலில் மெதுவாகச் சுழற்றினால் மணலும் சக்கையும் அடியில் தங்கும். மேலே நிற்கும் பச்சையை வேறு குழாயில் ஊற்றி வேகமாகச் சுழற்றினால் மணிகள் தங்கும். எல்லாம் பனிக்கட்டிக் குளிரில் நடக்க வேண்டும். எங்கள் வீடு ஓட்டு வீடு. மாதம் சித்திரை.

முதல் நாள் அம்மா வாசல்படியில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, இத்தப் படிக்கவா இவனப் பட்டணத்துக்கு அனுப்புனோம்? அரைச்சுத் துணியில வடிகட்டறதுக்கு நான் போயிருப்பேனே."

"நீ போயிருந்தா அங்க இருக்கறவங்களையும் வேல வாங்கியிருப்ப. சும்மா இரு" என்றார் அப்பா.

"சக்கரைய வேற கொட்டறான். ரேசன் சக்கரைங்க அது. வந்தவங்களுக்கு வெல்லக் காப்பி குடுத்துட்டு நான் நிக்கறேன்."

கிணற்றுத் தண்ணீரில் குழாய்களை இறக்கிக் குளிர்வித்தேன். நுண்ணோக்கியில் பச்சைக் கஞ்சி தெரிந்தது. மறுநாளும் கஞ்சி. அதற்கு மறுநாள் கைப்பிடியைச் சுற்றித் தோள் நொந்துபோய் நின்றேன். அப்பா நகரச் சொல்லிவிட்டுத் தன் கோணல் கையால் பிடித்தார்.

அவர் சுற்றியதில் கருவி கீச்சென்று பாடியது. மெதுவாகச் சுற்ற வேண்டிய முதல் சுற்று அது.

"போதும், நிறுத்துங்கப்பா!"

"பத்திக்கிச்சா?"

"இதுல எதுவும் பத்திக்காதுங்கப்பா. நிறுத்துங்க!"

"பத்திக்காம எப்பிடிடா நிறுத்தறது? நடுவுல வுட்டா அடிக்கும்டா!"

இந்தக் கருவி திருப்பி அடிக்காது என்று நான் விளக்கிக்கொண்டிருக்கும்போதே ஒரு குழாய் தெறித்தது. சுவர், என் சட்டை, அம்மாவின் ராகிப் பானை மூடி எல்லாம் பச்சை. பச்சையை இலையிலிருந்து பிரித்துவிட்டேன் என்று அன்று தாராளமாகச் சொல்லியிருக்கலாம். அப்பா மட்டும் கைப்பிடியை விடவே இல்லை, அது தானாக நிற்கும்வரை.

அதற்குப் பிறகு தினமும் பஸ்ஸிலிருந்து இறங்கியதும், ஈரத்துண்டை அவிழ்க்காமலே கேட்பார்: "இன்னிக்குப் பத்திக்கிச்சாடா?"

"இல்லீங்கப்பா."

"சரி. நாளைக்கு."

ரத்தம் இன்னொரு கதை. ஞாயிற்றுக்கிழமை ஆடு அறுக்கும் சென்றாயனிடம் ஒரு கிண்ணம் ரத்தம் சொல்லிவைத்தேன். எங்கள் பக்கத்தில் ரத்தம் வாங்குவது எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. நன்றாக உறையட்டும் என்று அவர் உப்புப் போட்டுக் கொடுத்தார். நான் அதையும் நரம்பு நீக்கிய இலையையும் மூடிவைத்துவிட்டு, கிணற்றில் குழாய்களை இறக்கப் போனேன். திரும்பி வரும்போது வீடெல்லாம் வெங்காயம் தாளித்த வாசனை. கடைசலுக்கென்று ஆய்ந்து வைத்ததாக நினைத்து மொச்சைத் தழையையும் அம்மா கடைந்துவிட்டிருந்தாள். என் சோதனை முழுவதும் இரண்டு சட்டியில் இருந்தது.

"ஏஞ்சாமி, ஒனக்குத்தானே வாங்கின? சாப்புடு" என்றாள்.

சாப்பிட்டேன். ரத்தப் பொரியலில் உப்பு சரியாக இருந்தது. தழை கொஞ்சம் கசந்தது.

ஆனி பிறந்தது. பேராசிரியர் வருவதற்கு இன்னும் ஒரு மாதம். அப்பாவுக்கு ஒருநாள் தொப்பூர் மேட்டில் கண் இருட்டி, படியிலிருந்து விழப் பார்த்தாராம். காளியப்பன் வந்து சொன்னார். "வெயில்டா" என்றார் அப்பா. ஆனால் அன்று சாயங்காலம் அவரே கேட்டார்: "ஒனக்கு என்னென்ன வேணும்? சொல்லு. சேலத்துல கெடைக்காததா?"

பனிக்கட்டி வேண்டும் என்றேன். உப்புப் போடாத, உறையாத ரத்தம் வேண்டும் என்றேன். உறையாமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டார். "பிடிச்சதும் ஈர்க்குச்சியால கலக்குங்க. நிறுத்தாம கலக்குங்க" என்றேன். சிறிது நேரம் கலக்கினாலே போதும். அதை நான் சொல்லவில்லை. நிறுத்தாமல் என்ற சொல்லை யாரிடம் சொல்கிறோம் என்றும் யோசிக்கவில்லை.

மறுநாள் காலை சேலத்தில் ஆடு அறுக்கும் தொட்டியில் ரத்தம் பிடித்துத் தூக்குப் போசியில் வாங்கிக்கொண்டார். பனிக்கட்டியை மரத்தூளில் புதைத்துச் சாக்கில் கட்டினார். பஸ்ஸுக்குள் ரத்தத்தை ஏற்றவே கூடாது என்று ஆட்கள் சண்டைக்கு வந்தார்கள். அதனால் போசியைப் பின்னால், பீப்பாய்க்கு அருகில் கொக்கியில் மாட்டினார். சேலத்திலிருந்து நல்லம்பள்ளி வரை ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் கலக்கிக்கொண்டே வந்தார். மூடியைக் கழற்றித்தானே கலக்க முடியும்.

"மாமியா வூட்டுக்கு மோர் கடஞ்சி எடுத்துப் போறாப்ல வந்தாருங்க தம்பி, உங்கப்பாரு" என்றார் காளியப்பன்.

பனிக்கட்டி பாதி கரைந்திருந்தது. பாதி போதும். மத்தியானமே வேலையைத் தொடங்கினேன். அரைக்கும் கல்வத்தின் குளிரில் கை விறைத்தது. முதல் தடவையாக நுண்ணோக்கியில் கஞ்சி இல்லை. முழுசு முழுசாகப் பச்சை மணிகள். ரத்தத்தைக் கலந்து, பம்பால் காற்றை உறிஞ்சினேன். ரத்தம் கறுக்கவில்லை. கவனமுள்ளவன் அங்கேயே நின்றிருப்பான். நான் பம்பைத் திட்டினேன். பிறகு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து செய்வதால் வெளிச்சம் அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டது என்று முடிவு செய்தேன். எனக்குச் சாதகமான முடிவுக்கு வர எனக்கு நேரம் ஆகாது.

ஒரு குழாயைக் கறுப்புக் கம்பளியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். மற்றதை வெயிலில் வைத்தேன். சாயங்காலம் அப்பா வந்தார்.

"பத்திக்கிச்சா?"

குழாயைத் தூக்கிக் காட்டினேன். பச்சைக்குள்ளும் செக்கச்செவேலென்று தெரிந்தது.

அவர் தலையிலிருந்த துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "தீர்த்தா! தோசைக்கு ஊறப்போடு. நான் பஸ்ஸ வுட்டாச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். அம்மா அரிசியை ஊறப்போட்டுவிட்டு, முந்தானையில் கை துடைத்தபடி வந்து என் முகத்தைத் தடவினாள். காளியப்பனிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று அப்பா செருப்பை மாட்டினார்.

அப்போதுதான் மற்றக் குழாய் ஞாபகம் வந்தது. கம்பளியைப் பிரித்தேன். அதுவும் செக்கச்செவேல்.

"ரெண்டும் பத்திக்கிச்சா! இன்னும் நல்லது" என்றார் அப்பா.

"இது பத்திக்கக் கூடாதுங்கப்பா."

ஏன் கூடாது என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் செருப்பைக் கழற்றிவிட்டார். அம்மா ஊறப்போட்ட அரிசியைப் பார்த்தாள்.

இருட்டிலும் சிவப்பு. காற்றை உறிஞ்சினாலும் சிவப்பு. போசியில் மிச்சமிருந்த ரத்தத்தைப் பார்த்தேன். அதுவும் பழம் போலச் சிவந்திருந்தது. எந்த ரத்தம் இப்படி நிறம் மாறாமல் நிற்கும் என்று இரண்டாம் வருஷ ரசாயனத்தில் படித்திருந்தேன். கரியை அரைகுறையாக எரித்தால் வருகிற வாயு ஏறிய ரத்தம். பஸ் எஞ்சினை ஓட்டுவதே அந்த வாயுதான். பீப்பாய் மூடி இடுக்கில் கசிவதும் அதுதான். அந்த இடுக்குக்குப் பக்கத்தில் போசியைத் திறந்து வைத்து வழியெல்லாம் கலக்கினால் ரத்தம் வேறெப்படி இருக்கும்?

அதைப் பரிசோதிக்க எளிய வழி உண்டு. ரத்தத்தைத் தண்ணீரில் கலக்கி எரிசோடா விட்டால் நல்ல ரத்தம் பழுப்புச் சேறாகிவிடும். வாயு ஏறியது சிவப்பாகவே நிற்கும். ஊசியால் என் விரலைக் குத்தினேன். சேறு. ஆட்டு ரத்தத்தில் விட்டேன். சிவப்பு. பாதிக் காரியம் புரிந்த சந்தோஷத்தில் அப்பாவுக்கு விளக்க ஆரம்பித்தேன்: ஒரு போசி ரத்தம் பீப்பாய் ஓரம் ஒரே ஒரு தடவை வந்ததற்கே இப்படி என்றால்...

அவர் ஈரத்துண்டை மறுபடியும் தலையில் கட்டிக்கொண்டிருந்தார். அங்கேதான் என் வாய் நின்றது. தினமும் அந்தப் பீப்பாய் ஓரம் நிற்கிற ரத்தம் என் எதிரில் உட்கார்ந்திருந்தது.

"விரலக் குடுங்கப்பா."

"எதுக்குடா?"

"குடுங்க."

அவருடைய குழாயில் எரிசோடா விட்டேன். கொஞ்சம் மங்கலாயிற்று, ஆனாலும் சிவப்பு. ஆட்டின் குழாய்க்குப் பக்கத்தில் வைத்தேன்.

"ஆட்டுக்கும் எனக்கும் ஒரே வியாதின்னு சொல்ல வர்றியா?" என்று சிரித்தார்.

"பஸ்ஸ வுட்டு எறங்கிடுங்கப்பா. நாளைக்கே."

"எறங்கி? ஒனக்கு எடம் இல்லன்னு ஆயிப்போச்சு. ராகி மட்டும் போதுமா? வெயிலுக்கு வர்ற தலைவலிக்கு ரத்தத்துல சாயம் பாத்துட்டு..." குழாயைப் பார்த்தார். "போன மாசம் வரைக்கும் இந்த மிஷின்ல கஞ்சிதானேடா வந்துது?"

எங்கள் ஆய்வுக்கூடத்தின் பெயர் அப்படி.

அம்மாதான் வழி சொன்னாள். "அவன் சொல்றது பொய்யின்னா ரெண்டு நாளு வூட்லயே குந்துங்க. அப்பறம் குத்திப் பாக்கட்டும். அப்பவும் செவப்பா இருந்தா நீங்க செயிச்சீங்க. இந்த வூட்ல இனிமே எவனும் எல அரைக்கக் கூடாது."

என்னைத் தோற்கடிப்பதற்காகவே அவர் இரண்டு நாள் லீவு எடுத்தார். மொச்சைக்குக் களை பறித்தார். அதே ஆனி வெயிலில், தலையில் துண்டு இல்லாமல். இரண்டாம் நாள் மத்தியானம் அம்மா கேட்டாள்: "தல வலிக்குதுங்களா?" அவர் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றச் சொன்னார்.

சாயங்காலம் தானாகவே விரலை நீட்டினார். எரிசோடா விட்டேன். பழுப்பு. சேறு. என் ரத்தம் மாதிரியே சேறு. முன்பு எடுத்த சிவப்புக் குழாயை அதன் பக்கத்தில் வைத்துவிட்டு, என் வாழ்க்கையில் முதல் தடவையாக விளக்கம் ஏதும் சொல்லாமல் இருந்தேன்.

இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. எறங்கிடறேன்" என்றார். பிறகு கேட்டார்: "அப்ப எனக்குப் பதிலா நிக்கப்போறவன் தலை?"

அது என் மூளைக்கு எட்டாத கேள்வி. அவர் மறுநாளே தர்மபுரி ஷெட்டுக்குப் போனார். களிமண்ணில் வெல்லப்பாகும் சணலும் பிசைந்து மூடி இடுக்கை அடைத்தார். புகைக் குழாயோடு இன்னொரு துண்டு சேர்த்து பஸ் கூரைக்கு மேலே தூக்கினார். கிளீனர் நிற்கும் படியை மறுபக்கத்துக்கு மாற்ற வைத்தார். பஸ் முதலாளி முதலில் எரிந்து விழுந்தாராம். அப்பா இரண்டு குழாய்களையும் அவர் மேஜையில் வைத்து, "இது பஸ்ஸு ரத்தமுங்க, இது வூட்டு ரத்தமுங்க" என்றாராம். அதற்குப் பிறகு பஸ்ஸை விட்டு இறங்கினார். திரும்ப ஏறவில்லை.

அதோடு முடிந்திருந்தால் என் மானம் தப்பியிருக்கும். புதிதாக நின்ற கிளீனரை அப்பா வாரம் ஒருமுறை வீட்டுக்கு அழைத்து வந்தார். அவன் அரூர் பஸ் கிளீனரை அழைத்து வந்தான். ஆடி மாதம் பேராசிரியர் கரி பஸ்ஸில் வந்து இறங்கியபோது எங்கள் வாசலில் கரி அப்பிய ஆட்கள் விரலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்பா அவரையும் வரிசையில் உட்கார வைத்துவிட்டார். ஊசி குத்திய பிறகுதான் நான் உள்ளேயிருந்து வந்து பார்த்தேன்.

"சாருக்கு ஒண்ணும் இல்லடா, சேறாத்தான் இருக்குது" என்றார் அப்பா, திருப்தியாக.

பேராசிரியர் விரலைச் சப்பிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். "பச்சை மணி எங்கே?" என்றும் கேட்டார். இல்லை என்றேன்; அப்பா இறங்கிய பிறகு சேலத்திலிருந்து பனிக்கட்டி கொண்டுவர ஆளில்லை. ஊட்டியில் சித்தப்பா வீடு உள்ள ஒரு மாணவனுக்கு இடம் கிடைத்தது. அங்கே பனிக்கட்டிக்கு அலைய வேண்டாம். நான் அரூர் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஆனேன். கரும்பலகையில் இலை வரைந்தேன். நன்றாகவே வரைவேன்.

சண்டை முடிந்து பெட்ரோல் வந்து, பீப்பாய்களைக் கழற்றிப் போட்டார்கள். பேராசிரியர் என்னை மறந்துவிடவில்லை, பிற்பாடு கூப்பிட்டுக்கொண்டார். சென்னையில் மறுபடியும் இலை அரைத்தேன். மறுபடியும் கஞ்சி. லீவுக்குப் போகும்போதெல்லாம் அப்பா மொச்சைக் காட்டிலிருந்தே குரல் கொடுப்பார்: "பத்திக்கிச்சாடா?" இல்லை என்பேன். "சரி" என்று குனிந்து களை பறிப்பார். புரட்டாசியில் ஒரு காலை அதே காட்டில் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார் டாக்டர். பழைய கரிவாயு காரணமாக இருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். எனக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள எந்தக் குழாயில் எதை விடுவது என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை.

காரியம் முடிந்து கல்லூரிக்கு வந்தேன். வேறு வேலை ஓடாததால் இலை அரைத்தேன். இப்போது இங்கே குளிர் அறை இருக்கிறது, மின்சாரத்தில் சுற்றும் கருவி இருக்கிறது. நிறுத்து என்றால் நிற்கும். போன வாரம் வெளிச்சத்தில் வைத்த குழாய் சிவந்தது. துணியைப் பிரித்தேன். இருட்டில் வைத்தது கறுப்பாக இருந்தது.

நம்பவில்லை. என்னை எனக்குத் தெரியும். பம்பைச் சரிபார்த்தேன். புது ரத்தத்தில் திரும்பவும் செய்தேன். ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் திரும்பிக் காத்திருந்தேன். யாரோ கேட்க வேண்டும் என்று காத்திருந்தது கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கே தெரிந்தது.

அட்டெண்டர் பச்சியப்பன் வாளியோடு உள்ளே வந்தார்.

"கழுவிடட்டுங்களா சார்?"

"வேண்டாம். கொஞ்சம் இருக்கட்டும்" என்றேன்.